சகலையின் கடல்

பெரிய மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கடல் இருந்தது. அது அழுக்குக் கடல். சின்ன மாப்பிள்ளைக்கும் ஒரு கடல் இருந்தது. அது சுத்தமான கடல். இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மனிதர் நான்கு வருடமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாரா என்று கேட்பவர்கள், அந்த வீட்டுக்கு மருமகனாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வேலை. மக்கள் குளிக்கிற கடற்கரையில் வாரம் ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு குப்பி தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே அதை வடிகட்டி, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில் வைத்து, ஒரு நாள் முழுக்கச் சூட்டுப் பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். மனிதக் குடலிலிருந்து வந்த கிருமி அந்தத் தண்ணீரில் இருந்தால், மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். புள்ளிகள் குறைவென்றால் கரையில் பச்சைக் கொடி. நூறைத் தாண்டினால் சிவப்பு. பச்சை என்றால் குளிக்கலாம். சிவப்பு என்றால் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

வடக்குக் கரை சின்னவர் பொறுப்பு. தெற்குக் கரை பெரியவர் பொறுப்பு. நடுவில் ஒரு பாறைத் திட்டு, அவ்வளவுதான். அலைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஆனால் தெற்குக் கரையில் ஒரு வாய்க்கால் வந்து விழுகிறது. ஊரின் கொல்லைப்புறத்துச் சங்கதிகளையெல்லாம் சுமந்துகொண்டு வந்து, பெரியவரின் கடலில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். அதற்குப் பெரியவர் என்ன செய்வார் என்று நீங்களும் நானும் கேட்கலாம். மாமனார் கேட்க மாட்டார்.

மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்றது பள்ளியிலிருந்துதான், மார்க் போடுவதிலிருந்து அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மாப்பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து சாப்பிட உட்கார்ந்தால், முதல் கேள்வி அதுதான்.

"என்ன மாப்பிள்ளை, இந்த வாரம் எத்தன?"

"நூத்தி நாப்பது மாமா."

"சின்னவர்?"

"பன்னெண்டு மாமா."

"ம்ம். பன்னெண்டு."

அந்த 'ம்ம்' பெரியவரின் தொண்டையில் முள்ளாக நிற்கும். இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஆரம்பத்தில் மாமனார், எண்ணிக்கை கூடக் கூட நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க மார்க் போட்டவர், வேறெப்படி நினைப்பார்? மூன்று வாரம் பெரிய மாப்பிள்ளையைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "இருநூத்திப் பத்தா! பலே!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். நாலாவது வாரம் சின்னவர்தான் மிகப் பணிவாக, "மாமா, இது குறைஞ்சாத்தான் நல்லது" என்று எடுத்துச் சொன்னார். அந்த மூன்று வாரத்தைப் பெரியவர் இன்னும் மறக்கவில்லை. அந்த நாலாவது வாரத்தையும்.

சின்னவராவது கொஞ்சம் மோசமான ஆளாக இருந்து தொலைத்திருக்கலாம். தலைக்கனம், பொய், புறம்பேச்சு, ஏதாவது ஒன்று. பொறாமைப்படுகிறவருக்கு அது ஒரு பிடிமானம். சின்னவரிடம் தேடினாலும் கிடைக்காது. வண்டி பஞ்சரானால் அவரே இறங்கி டயர் மாற்றுவார். பெரியவருக்குத் தலைவலி என்றால் பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டுவார். அந்த மாத்திரையும் உடனே கேட்டுவிடும்.

வடக்குக் கரைக்கு மூன்று வருடமாக வரிசையாக 'மிக நன்று' என்று சான்றிதழ் வந்தது. மூன்றாவதை மாமனார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஏற்கெனவே ஆணி இருந்த இடம் வசதியாக இருந்தது. அந்த ஆணியில் அதுவரை தொங்கியது பெரியவரின் கல்யாணப் போட்டோ. அது இப்போது நடைவழியில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் மட்டும் மாதம் ஒருமுறை பெரியவரை மணக்கோலத்தில் பார்க்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். நாற்பத்தோரு வயதில் அவர் மனைவிக்கு நீச்சல் ஆசை வந்தது. எங்கே போனாள்? வடக்குக்கு.

"என் கடல்ல கத்துக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"உங்க கடல்ல கால் கழுவினா, வீட்டுக்கு வந்து காலக் கழுவணும்."

"எல்லாம் ஒரே தண்ணிதான்டி."

"அப்ப ஏன் அங்க பச்சை, இங்க சிவப்பு? நீங்கதான எடுத்துக் குடுக்கறீங்க?"

தினமும் மாலையில் தங்கையும் தங்கை புருஷனும் துணைக்கு வர, அவள் வடக்குக் கரையில் கையைக் காலை அடித்தாள். ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து, "தம்பி எவ்ளோ பொறுமையாச் சொல்லிக் குடுக்குது தெரியுமா" என்பாள். தம்பி என்றால் சின்னவர். தண்ணீருக்குள் இறங்குவதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. போன வருடம், வடக்கில் ஜெல்லி மீன் கூட்டம் வந்திருக்கிறது, யாரும் இறங்காதீர்கள் என்றார். இரண்டு மணி நேரம் எல்லோரும் கரையில் காத்திருந்தார்கள்; ஒரு மீனும் வரவில்லை. அதற்கு முந்தின வருடம், மணலில் கண்ணாடிச் சில்லு என்றார். மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து தேடியதில் அவருக்கு இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். வடக்குக் கரையைப் பற்றிப் பெரியவர் வாயைத் திறந்தால், வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது.

இந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிக் குப்பி. இதில் தெற்குக் கரை தப்பினால் தப்பியது. தவறினால் அடுத்த வருடம் முழுக்க 'இங்கே குளிக்கக் கூடாது' என்று பலகை நட்டுவிடுவார்கள். அந்தப் பலகை ஏற்கெனவே எழுதித் தயாராகி, அலுவலக நடைவழியில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பெரியவர் தினமும் அதைத் தாண்டித்தான் தன் நாற்காலிக்குப் போக வேண்டும். வடக்குக் கரைக்கோ நாலாவது சான்றிதழ் அச்சாகி, தேதி போடாமல் காத்திருந்தது. மறுநாள் சனிக்கிழமை அதைக் கொண்டாட மாமனார் குடும்பம் மொத்தமும் வடக்குக் கரைக்குப் போவதாக ஏற்பாடு. அன்று பெரியவரின் மனைவி கயிறு கட்டிய மிதவை வரைக்கும் போய்த் திரும்புவாள், எல்லோரும் கைதட்டுவார்கள்.

இரண்டு நாள் முன்னால் மழை வேறு பெய்திருந்தது. மழை பெய்தால் வாய்க்கால் பொங்கும்; வாய்க்கால் பொங்கினால் தெற்குக் கடலின் கதை முடிந்தது. பெரியவர் வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுக்கும்போதே முடிவைத் தெரிந்துகொண்டுவிட்ட முகத்தோடு எடுத்தார்.

சின்னவரை வடக்கில் இறக்கிவிட்டுத் தெற்கே போனார். தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"தம்பி போன் எடுக்கல. நாளைக்கு அலை எப்படி இருக்கும்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"நானும் கடல்லதான் நிக்கிறேன். என்கிட்டயே கேக்கலாம்."

"உங்க கடல யாரு கேட்டா?" வைத்துவிட்டாள்.

அந்த ஆத்திரத்தில் பெரியவருக்கு ஒன்று உறைக்கவில்லை. வழக்கமாக முழங்கால் நனையத் தாண்ட வேண்டிய வாய்க்காலை, அன்று அவர் செருப்புக்கூட நனையாமல் தாண்டி வந்திருந்தார். மழையோடு வந்த பெரிய அலைகள் மணலை அள்ளிக் கொட்டி, வாய்க்காலின் வாயை அடைத்துவிட்டிருந்தன. கடலுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கண் பார்த்தது, மனசு மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் தண்ணீர் எடுப்பதில் குறை சொல்ல முடியாது. இடுப்பளவு இறங்கி, கலங்கிய மணல் அடங்கும்வரை நின்று, குப்பியை முழங்கை ஆழத்துக்குத் தலைகீழாக இறக்கி, அலை வரும் பக்கம் திருப்பி நிரப்பி, கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டு மூடினார். அந்த விஷயத்தில் அவர் கை சுத்தம்.

எந்தக் கரைத் தண்ணீர், எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதின சீட்டைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே குப்பியில் ஒட்டிவிட வேண்டும் என்பது சட்டம். ஈரம் பட்டால் சீட்டு உரிந்துவிடுகிறது என்பது அனுபவம். அதனால் அந்த அலுவலகத்தில் யாரும் ஒட்டுவதில்லை. குப்பியின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு இருக்கும். வடக்குக்கு நீலம், தெற்குக்குச் சிவப்பு. கரையேறிய பிறகு சீட்டை எழுதி அந்த ரப்பர் பேண்டில் செருகிவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் ரப்பர் பேண்டை யாரும் பார்ப்பதில்லை. அவர்களுக்குச் சீட்டுதான் பேசும்.

வடக்குக் கரைக்கு வண்டி திரும்பி வந்ததும், சின்னவர் தன் குப்பியையும் அதிலிருந்த ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"காலைலேர்ந்து ஒரு வாடை அண்ணே. அந்தப் புது டாய்லெட் கட்டினாங்களே, அந்தப் பக்கமிருந்து வருதோ என்னமோ. ஒரு எட்டு போய்ப் பாக்கலாமா?"

"கடல்னா வாடை அடிக்காம சென்ட்டா அடிக்கும்? பாசியா இருக்கும்."

"நீங்க சொன்னா சரி." சின்னவர் சிரித்தார். "அக்கா நல்லா வராங்க அண்ணே. நேத்து இருபது கை போட்டாங்க. மூச்சு மட்டும் இன்னும் பிடிபடல. போற வழியெல்லாம் தண்ணியக் குடிச்சுக்கிட்டே போறாங்க. நாளைக்கு நீங்களும் வரணும். நீங்க கரையில நின்னா அவங்களுக்கு ஒரு தெம்பு."

"பாப்போம்."

"ரெண்டு டீ வாங்கிட்டு வரேன். உங்களுக்குச் சர்க்கரை கம்மிதானே?"

கம்மிதான். அதையும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

சின்னவர் டீக்கடைப் பக்கம் நடந்தார். வண்டியில் பெரியவரும் ஐஸ் பெட்டியும் மட்டும். பெட்டியைத் திறந்தார். இரண்டு குப்பிகள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சிவப்பிலிருந்து சீட்டை உருவி நீலத்தில் செருகினார். நீலத்திலிருந்ததை உருவிச் சிவப்பில் செருகினார். மூடினார். ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

தன் கடல் தப்பிக்க வேண்டும் என்றா செய்தார்? அதுவும் உண்டு. ஆனால் அதற்கு மேலே ஒன்று இருந்தது: சின்னவர் கடலில் ஒரே ஒரு தடவை சிவப்புக் கொடி பறப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மாமனார் ஒரு தடவை, "சின்னவர்?" என்று கேட்டுவிட்டு 'ம்ம்' சொல்லாமல் வாயடைத்து உட்கார வேண்டும். தெற்கில் பச்சைக் கொடி ஏறினால் அதை நம்பி இறங்குகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று தோன்றாமலும் இல்லை. அங்கே யார் குளிக்கிறார்கள், நாலு நாயும் காது கேட்காத ஒரு கிழத் தபால்காரரும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தபால்காரர் காதில் அது விழவில்லை.

சின்னவர் டீயோடு வந்தார். டீ நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

சனிக்கிழமை விடுமுறை. குடும்பம் ஒன்பது மணிக்கே வடக்குக்குக் கிளம்பிப் போயாயிற்று. "முடிவு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று, "அடப்பாவமே, உன் கடலுக்கா சகல?" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை கொஞ்சம் இயல்பாகவே வந்தது.

ஆய்வுக்கூடத்தில் புள்ளி எண்ணுகிற அம்மா இருபத்திரண்டு வருடமாகப் புள்ளி எண்ணுகிறார். தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கத்தில் மைப்பேனாவால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குத்து வைத்துக்கொண்டே போவார். அதைப் பார்த்தாலே பெரியவருக்குத் தன் முதுகில் குத்துவதுபோல இருக்கும். சரியாகப் பத்தரை மணிக்கு அவர் பேனாவை மூடினார்.

"பெரியவரே, உங்க கடல் இந்தத் தடவை வரலாறு படைச்சிருச்சு. எண்ணவே முடியல. தட்டு முழுக்க அப்பிக்கிட்டு நிக்குது."

"என்னோடதா?"

"தெற்குன்னுதான சீட்டு இருக்கு? சின்னவரப் பாருங்க. ஒன்னே ஒன்னு. இத்தன பெரிய தட்டுல ஒரே ஒரு புள்ளி. நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து இப்படிப் பாத்ததில்ல. சட்டம் போட்டு மாட்டலாம்."

பெரியவருக்கு ஒன்றும் ஓடவில்லை. மாற்றினோமா, இல்லையா? மாற்றிவிட்டு மறுபடி மாற்றிவிட்டோமா? காலிக் குப்பிகள் கழுவுவதற்காக ஒரு தட்டத்தில் நின்றன. போய்ப் பார்த்தார். சிவப்பு ரப்பர் பேண்டில் 'வடக்கு' என்ற சீட்டு செருகியிருந்தது. நீலத்தில் 'தெற்கு'. மாற்றித்தான் இருக்கிறோம்.

அப்படியானால் அந்த ஒரே ஒரு புள்ளி—

அது அவருடைய கடல்!

சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். திரும்பி வந்து தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமாக, ஊசிமுனை அளவில், அழகாக ஒரு புள்ளி. வாய்க்காலைச் செருப்போடு தாண்டியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாலு வருடம் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்துக் கடல் ஒரே நாளில் மரியாதை செய்திருக்கிறது. அதைத் தூக்கித் தன் கையாலேயே சகலைக்குத் தானம் கொடுத்தாயிற்று. சட்டம் போட்டு மாட்டுவார்கள். எந்த ஆணியில் என்றும் தெரியும்.

வடக்குக் கரையில் அந்த நிமிடம் யார் குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், தன் புள்ளியை எப்படி மீட்பது என்பதுதான்.

"அம்மா, நீங்க தட்ட மாத்தி வெச்சிருப்பீங்களோ?"

"என்னது?"

"இல்ல, கை தவறி... வடக்கு தெற்கு..."

"இருபத்திரண்டு வருஷம்." அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இருபத்திரண்டு வருஷத்துல என் கை எங்க தவறுச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம். சூட்டுப் பெட்டில வெச்ச நேரம் இந்தா எழுதியிருக்கு. வடிகட்டின வரிசை இந்தா. உங்க கடல் நாறினா என் கைய ஏன்யா குறை சொல்றீங்க?"

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். பெரியவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினார். வாதாடியதில் தொண்டை வறண்டது. மூலையிலிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வாயில் வைத்தார். முதல் மடக்கு உள்ளே போனது.

*போற வழியெல்லாம் தண்ணியக் குடிச்சுக்கிட்டே போறாங்க.*

டம்ளரைக் கீழே வைத்தார். வைத்தாரா, போட்டாரா என்று தெரியவில்லை, சட்டையெல்லாம் தண்ணீர்.

மனைவிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். மாமனார் எடுத்தார்.

"மாப்பிள்ளை! எங்க இருக்கீங்க? உங்க சம்சாரம் மிதவைய தொட்டுட்டு வந்துட்டா! இப்ப ரெண்டாவது தடவை போறா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. சின்னவர் கைராசி!"

"மாமா, எல்லாரையும் உடனே வெளிய வரச் சொல்லுங்க. தண்ணி கெட்டிருக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "போன வருஷம் ஜெல்லி மீன்."

"மாமா, இது அப்படி இல்ல—"

"அதுக்கு முந்தின வருஷம் கண்ணாடிச் சில்லு. எனக்கு இன்னும் இடுப்பு வலி போகல. ஏன் மாப்பிள்ளை, ஒரு நாளாவது மனசு குளுந்து இருக்கக் கூடாதா? பச்சைக் கொடி பறக்குது இங்க."

"சகலகிட்ட குடுங்க மாமா. கெஞ்சிக் கேக்கறேன்."

பெரியவர் கெஞ்சி மாமனார் கேட்டதில்லை. போன் கைமாறியது.

"அண்ணே, ரிசல்ட் வந்திருச்சா?"

"வந்திருச்சு. வடக்கு ஒன்னு. தெற்கு எண்ண முடியல."

"ஒன்னா? அண்ணே!" அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம். உடனே அடங்கியது. "உங்களோடது போயிருச்சா... பரவால்ல விடுங்கண்ணே, அடுத்த வருஷம்—"

"அது உன்னோடது இல்ல சகல. அந்த ஒன்னு என்னோடது. எண்ண முடியாததுதான் உன்னோடது. நான் சீட்ட மாத்தி வெச்சுட்டேன். நேத்து நீ டீ வாங்கப் போனப்ப."

பக்கத்தில் புள்ளி எண்ணுகிற அம்மா கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு பெரியவரைப் பார்த்தார். போனில் அலைச் சத்தமும், யாரோ ஒரு குழந்தை கத்திச் சிரிப்பதும் கேட்டன. பிறகு விசில் கேட்டது. நீளமாக மூன்று தடவை. மறுபடி மூன்று தடவை.

"எழுதிக் குடுங்க," என்றார் அந்த அம்மா, ஒரு தாளை நகர்த்தி. "என் கை தவறலன்னும் அதுல ஒரு வரி சேத்துக்கோங்க."

சிவப்புக் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெரியவர் வண்டியை விரட்டினார். வடக்குக் கரையில் இருநூறு பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஓடிப்போன செய்தி வந்ததுபோல, எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். புது டாய்லெட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் மண் இளகிக் கழிவுத் தொட்டி விரிசல் விட்டு, மணலுக்கு அடியில் கடலுக்குக் கசிந்துகொண்டிருந்ததாம். அங்கிருந்து வந்த வாடைக்கு யாரும் இப்போது பாசி என்று பெயர் வைக்கவில்லை.

சின்னவர் வந்து கொடியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கம்பத்தில் ஏற்றிக் கட்டினார். கட்டி முடித்த பிறகு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"வாடைன்னு சொன்னேனே அண்ணே. அப்பவே வா பாக்கலாம்னு நீங்க சொல்லியிருந்தாப் போதும்."

திட்டியிருந்தால் பெரியவர் தாங்கியிருப்பார்.

மாமனார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை என்று கேட்கவில்லை. தங்கைக்காரி அக்காவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி மணலில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு எத்தன மணிக்கு வந்துச்சு?" என்றாள்.

"பத்தரைக்கு."

"இதுல உங்க போன் பத்து நாப்பத்தி ஒன்னுக்கு வந்திருக்கு."

பெரியவர் நின்றார்.

"பதினொரு நிமிஷம் என்னங்க பண்ணீங்க?"

வண்டி பஞ்சர், சிக்னல் கிடைக்கவில்லை, அந்த அம்மா விடவில்லை: பொய்கள் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"அந்தப் புள்ளி என்னோடதுன்னு..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் போகவில்லை.

"நான் அந்தப் பதினொரு நிமிஷத்துல மிதவைக்குப் போயிட்டு வந்தேன். நீங்க பாக்கணும்னுதான் ரெண்டாவது தடவையும் போனேன். வருவீங்க வருவீங்கன்னு கரையப் பாத்துக்கிட்டே போனேன்." எழுந்து மணலைத் தட்டினாள். "அதான் நெறையக் குடிச்சுட்டேன்."

அவளுக்கு நான்கு நாள் வயிறு ஒரு வழி பண்ணியது. கரையில் இருந்தவர்களில் இன்னும் பத்துப் பதினைந்து பேருக்கும் அப்படித்தான். பெரியவர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக் குடித்தாள். பேசவில்லை. வயிறு நாலாம் நாள் சரியானது. பேச்சு ஒன்பதாம் நாள்தான் வந்தது.

அலுவலகத்தில் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பிவிட வேண்டாம் என்று அதிகாரியிடம் போய்ப் பேசியது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது, ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவ வேண்டும் என்று உத்தரவு. இரண்டு கடலும் இப்போது சின்னவர் பொறுப்பு. அவர் சீட்டை எழுதிக் குப்பியில் ஒட்டிவிட்டு, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்கிறார். வடக்கில் தொட்டியை இடித்துக் கட்டுகிறார்கள். சிவப்புக் கொடி இறங்கவில்லை. நாலாவது சான்றிதழ் தேதி போடாமலே குப்பைக்குப் போனது. மாமனார் மூன்றாவதையும் கழற்றிவிட்டார். ஆணி காலியாக இருக்கிறது. கல்யாணப் போட்டோ இன்னும் மீட்டருக்குப் பக்கத்தில்தான்.

தெற்கில் வாய்க்காலின் வாய் மணலால் அடைபட்டது அடைபட்டதுதான். இந்தக் குழப்பத்தால் பருவம் முடிந்தும் சோதனை நிற்கவில்லை; மூன்று தடவை திரும்பத் திரும்பச் சோதித்தும் பச்சை. அந்தப் பலகையை யாரோ திருப்பிப் போட்டு, அலுவலகத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு அம்புக்குறி வரைந்துவிட்டார்கள். மாலையானால் ஊரே தெற்கில்தான் குளிக்கிறது. கிழத் தபால்காரருக்கு இடமில்லை. பெரியவரின் மனைவியும் அங்கேதான் போகிறாள். ஒன்பதாம் நாள் ஈரத்தலையோடு வந்து, துண்டைக் கொடியில் போட்டபடி சொன்னாள்: "உங்க கடல் நல்லாத்தான் இருக்கு."

பெரியவருக்கு அன்று சாப்பாடு உள்ளே இறங்கியது.

அதற்கடுத்த சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்தின் தொட்டியருகே கைமுட்டிவரை நுரையோடு நின்றவர், புள்ளி எண்ணுகிற அம்மா பேனாவை மூடுவதைப் பார்த்தார்.

"தெற்கு எத்தனம்மா?"

"மூணு."

"மூணா?" பெரியவர் கையை உதறினார். "அன்னைக்கு ஒன்னு வந்துச்சே."

"அன்னைக்கு ஒன்னு, இன்னைக்கு மூணு. ரெண்டும் பச்சைதான். குப்பியக் கழுவுங்க."

"எடுக்கத் தெரியணும்மா. மணல் அடங்கறதுக்கு முன்னாடியே குப்பிய விட்டிருப்பான். எனக்கு அவன் கை தெரியும். நான் எடுத்திருந்தா ஒன்னுதான்."

பெரியவர் தட்டத்திலிருந்து தெற்குக் கரைக் குப்பியை எடுத்தார். சிவப்பு ரப்பர் பேண்டு இப்போது இல்லை; சீட்டுதான், சின்னவரின் முத்து முத்தான கையெழுத்தில், உரியாமல் ஒட்டியிருந்தது. குப்பியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் இரண்டு மணல் துகள் மினுங்கின.

மற்ற குப்பிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். அதை மட்டும் கழுவாமல், காகிதத்தில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாமனாரிடம் காட்ட வேண்டும்.